பேய்க்கதையில் பாசி எடுக்கும் வீட்டுப் பெண் கதாநாயகியாகக் கூடாதா?

பாம்பன் டீச்சர் | ஞாயிறு இரவு 9.40

பெயரில்தான் டீச்சர். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பதினோரு பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். போன வாரம் கரண்ட் போய்விட்டது. இருட்டில் என்ன செய்ய, ஆளுக்கொரு பேய்க்கதை சொல்லுங்கடி என்றேன். கதை நன்றாகவே சொன்னார்கள். சரி, எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

பதினோரு கதை வந்தது. பதினோரு கதாநாயகியும் வெள்ளை நிறம். எல்லாருக்கும் இடுப்பு வரை முடி, அதுவும் காற்றில் அலை அலையாகப் பறக்கிற முடி. (நம் ஊர்க் காற்றில் முடி எங்கே பறக்கிறது? உப்புப் பிசுபிசுப்பில் கயிறாகத் திரிந்து கிடக்கும்.) நாலு பேர் பனி பெய்கிற ஊரில் வசிக்கிறார்கள். ஒருத்திக்கு அரண்மனை. மீன் வாடை அடிக்கிற வீடு ஒன்றுகூட இல்லை.

அதில் ஒரு பிள்ளையின் அம்மா பாசிக்குப் போகிறவர், அதாவது கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கிறவர். அவள் எழுதிய கதாநாயகி பெயர் ஏஞ்சலினா. ஏஞ்சலினாவுக்கு முந்நூறு வயதான ரத்தக்காட்டேரி ஒருவன் மேல் காதல். அரண்மனையில் ஒரு வேலைக்காரக் கிழவி. கறுப்பு, விரலெல்லாம் வெடிப்பு, சூனியக்காரி. மூன்றாம் பக்கத்தில் செத்துப்போகிறாள்.

விரல் வெடிப்பு அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். பாறையில் ஒட்டிக் கிடக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கப் போகும்போது பழைய சேலைத் துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். கட்டு அவிழாமல் இருக்க நூலின் நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். அப்படியும் பாறை அறுக்கும். அறுத்த இடம் உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கடைசியில் பனம்பழத் தோல் மாதிரி ஆகிவிடும். அம்மாவின் அந்த விரலைக் கொண்டுபோய்ப் பிள்ளை சூனியக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் திட்டவில்லை. நல்ல கதைதான், நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற அமானுஷ்யக் கதைகளில் நம் கடற்கரைப் பெண், கறுத்த பெண், முக்காடு போட்ட பெண், கால் விந்துகிற பெண் கதாநாயகியாக வந்து யாராவது படித்திருக்கிறீர்களா? எழுதுகிறவர்கள் இருந்தால், எப்படி எழுதினால் அது உபதேசமாகாது என்றும் சொல்லுங்கள்.

தென்கடல் | இரவு 10.05

டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க. கதைன்னா கதை. அதுலயும் இட ஒதுக்கீடா? சின்ன வயசுல நான் படிச்சதெல்லாம் முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி எந்த ஊருக்காரன்னு யோசிச்சதே இல்ல. கரண்ட் கம்பியைத் தொட்டா ஆள் மறைஞ்சிருவான், கை மட்டும் தெரியும். அவன் மூக்கையூர்க்காரனா இருந்தாத்தான் ரசிப்பேன்னு அடம் பிடிச்சேனா? பிள்ளைக பனியில போய்ட்டு வரட்டுமே. தினமும் பாக்குற கருவாட்டைக் கதையிலயும் பாக்கணுமாக்கும்?

பாம்பன் டீச்சர் | இரவு 10.12

பனிக்குப் போகட்டும், நானும் போயிருக்கிறேன். ஆனால் ஒன்று. மாயாவியைப் படித்துவிட்டு நீங்கள் தெருவில் யாராக விளையாடினீர்கள்? மாயாவியாகத்தானே? "நீ கறுப்பு, நீ வில்லன்" என்று யாரும் ஒதுக்கவில்லையே. என் பிள்ளை எழுதும்போதே தன் வீட்டு ஆளை வில்லியாக்கிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே. அதுதான் என்னைக் குத்துகிறது.

தென்கடல் | இரவு 10.15

எங்க தெருவுல மாயாவி எப்பவும் படகு வச்சிருக்க சம்மாட்டி மகன்தான். நான் மாட்டிக்கிற திருடன். சரி, பேசுங்க, கேக்குறேன்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 10.48

கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன், பெயருக்கேற்ற ஆள். 1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குழந்தை நூல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புத்தகம் பிள்ளைக்குச் சன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார். சன்னல் வழியே அடுத்தவர் உலகம் தெரியும், கண்ணாடியில் தன் முகம் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குச் சன்னல் கிடைத்துவிட்டது, கண்ணாடி கிடைக்கவில்லை.

ஆனால் வெளிநாட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் நம் வீட்டுப் பெட்டியைத் திறக்கலாம். மணிமேகலைக்கு என்ன வயது இருக்கும்? இளம்பெண். ஆடல் மகளிர் குலத்தில் பிறந்ததால் ஊர் அவளை ஒரு கண்ணால்தான் பார்க்கிறது. இளவரசன் உதயகுமரன் விடாமல் பின்தொடர்கிறான். கடல் தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. வேற்றுருவம் எடுக்க, வானத்தில் போக, பசி தாங்க என்று மூன்று மந்திரம் கிடைக்கிறது. அட்சய பாத்திரமான அமுதசுரபியும் கிடைக்கிறது. இதைவிட அமானுஷ்யம் வேண்டுமா?

இதில் எனக்குப் பிடித்த இடம், சக்தி வந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்பது. தன்னைத் துரத்துகிறவனை எரிக்கவில்லை. யானைத்தீ என்ற தீராப் பசியால் வாடுகிற காயசண்டிகைக்குச் சோறு போடுகிறாள். பிறகு அவள் உருவத்தையே எடுத்துக்கொண்டு இளவரசன் கண்ணில் படாமல் ஊரெல்லாம் சோறு போடுகிறாள். இன்றைய கதைகளில் பின்தொடர்கிறவன்தான் காதலன், அவனுக்குக் கூடுதலாக இரண்டு கோரைப்பல். அன்றைக்கு எழுதியவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

பாம்பன் டீச்சர் | இரவு 10.55

ஐயா, எங்க பிள்ளைகளிடம் கண்ணாடி என்றால் முக்குளிக்கிற கண்ணாடியைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 10.57

அது இன்னும் நல்ல உவமை. திருடிக்கொள்கிறேன்.

அட்டைப்படக்காரர் | இரவு 11.20

சொந்த ஊர் பரமக்குடி, பிழைப்பு சென்னையில். புத்தக அட்டை வரைகிறேன். ஒரு பதிப்பகத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு மாயாஜால நாவலுக்கு அட்டை போட்டேன். எழுத்தாளர் முதல் பக்கத்திலேயே "பனங்கருப்பட்டி நிறம்" என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படியே வரைந்தேன். திரும்பி வந்தது. "கொஞ்சம் லைட் பண்ணுங்க" என்றார்கள். பண்ணினேன். "இன்னும் கொஞ்சம்." நாலாவது தடவை அந்தப் பெண் பால்கோவா நிறத்துக்கு வந்ததும் "சூப்பர்" என்றார்கள். காசு வாங்கிக்கொண்டேன். பெருமையாகச் சொல்லவில்லை.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2009இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியர் என்ற எழுத்தாளரின் 'லையர்' நாவல் அமெரிக்காவில் வரும்போது இதே கூத்து. கதாநாயகி கறுப்பினப் பெண், குட்டை முடி, தான் ஒரு ஓநாய்ப் பிறவி என்று சொல்லிக்கொள்கிறவள். அட்டையில் நீள முடி வெள்ளைப் பெண். எழுத்தாளரே வெளிப்படையாக எதிர்ப்புச் சொன்னார், வாசகர்களும் சேர்ந்து கத்தினார்கள், அட்டை மாறியது. அந்தக் கதையில் இன்னொரு சங்கடம் உண்டு. கதாநாயகி பொய் சொல்கிறவள். அட்டையில் வேறு நிறம் போட்டால் அவள் நிறத்தைப் பற்றிச் சொன்னதும் பொய்தானோ என்று வாசகருக்குத் தோன்றிவிடும். ஒரு படம் மொத்த நாவலையே கவிழ்த்துவிடும்.

2018இல் டோமி அடேயெமி எழுதிய நாவல் ஒன்று வந்தது. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் தெய்வங்களை வைத்து எழுதியது. அதில் மந்திரம் உடம்புக்குத் திரும்பி வரும்போது கதாநாயகியின் முடி சுருண்டுகொள்ள ஆரம்பிக்கும். நேராவதில்லை, சுருளுகிறது. சக்தி வந்தால் முடி சுருளும் என்று ஒரு பிள்ளை படித்தால், அடுத்த நாள் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவள் என்ன நினைப்பாள்? (இந்தக் கண்ணாடி வீட்டுக் கண்ணாடி, டீச்சர்.)

கீழக்கரை ராத்தா | திங்கள் காலை 7.30

பஜ்ர் தொழுகை முடிச்சிட்டு வாசிச்சேன். எங்க பக்கத்தையும் சொல்லிடுறேன்.

முக்காடு போட்ட பிள்ளை கதையில வந்தா ரெண்டே வழிதான் வச்சிருக்காஹ. ஒண்ணு, அவ தோழி. கதாநாயகிக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துட்டு, பாதிக் கதையில ஜின் அடிச்சிச் செத்துடுவா. இல்லாட்டி, அவளே கதாநாயகி. ஆனா கடைசி அத்தியாயத்துல முக்காட்டைக் கழட்டி வீசினாத்தான் அவளுக்குச் சக்தி வரும். ஏன், துணிக்குள்ள சக்தி வராதா? ஜின்னைப் படைச்சது புகையில்லாத நெருப்பாலன்னு ஓதியிருக்கோம். நெருப்புக்கு ஒரு முழத் துணி தடுப்பா?

எங்க ஊருக் கதையை எழுதணும்னா நான் இப்படி எழுதுவேன். உம்மாவோட உம்மா வச்சிருந்த ஒரு நோட்டு. அரபு எழுத்துல இருக்கும், வாசிச்சா தமிழ். அரபுத்தமிழ்னு சொல்றது. மார்க்க அறிஞர் மாப்பிள்ளை ஆலிம் காலத்துல எங்க ஊருல அந்த எழுத்து நல்லாப் புழங்குச்சு, பொம்பளைக வீட்டுக்குள்ள இருந்தே அதுல வாசிச்சாஹ, எழுதினாஹ. இப்ப வாசிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடணும். பேத்தி ஒருத்தி மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறா. அவ தப்பா உச்சரிச்ச ஒரு வார்த்தைக்கு வீட்டுல ஒரு ஜின் வந்து நிக்கிது. சரியா வாசிக்கிற வரைக்கும் போகமாட்டேங்கிது. மந்திரமெல்லாம் இல்ல, நோட்டுல இருந்தது வட்டிலப்பம் செய்முறைதான். முட்டைக் கணக்கைத் தப்பா வாசிச்சுட்டா.

சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன். ஆனா முஸ்லிம் பிள்ளை வர்ற கதைன்னா ஏன் எப்பவும் அழுகையாவே இருக்கணும்? எங்க பிள்ளைகளும் ஜின்கிட்ட வாயாடும்.

தென்கடல் | காலை 7.52

ராத்தா, இதை எழுதுங்க. முதல் பிரதி எனக்கு. ஜின் வட்டிலப்பத்தைத் தின்னுட்டுப் போனதான்னு தெரியாம எனக்கு வேலை ஓடாது.

மூணுசக்கரம் | காலை 9.10

தொண்டிப் பக்கம். போலியோ. இடது கால் வராது. பேய்க்கதைன்னா உசிரு.

என் கோபம் ஒரே விஷயத்தில்தான். கால் விந்துகிற பெண் கதாநாயகியாக வருவாள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போவேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அம்மன் வருவாள், அல்லது நல்ல ஆவி வரும், அல்லது ஏதோ ஒரு கல் ஒளி விடும். கால் சரியாகிவிடும். அவள் ஓடுவாள். எல்லாரும் அழுவார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு என் காலைப் பார்ப்பேன். இது என்ன, எனக்கு மட்டும் அந்தக் கல் கிடைக்கவில்லையா? அதுவரை அவள் என் ஆள், அந்தப் பக்கத்தோடு என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பு இருக்கிறது. கால் போனதற்கு ஈடாக அவளுக்கு ஞானக்கண் கொடுத்துவிடுவது. கண் தெரியாத பிள்ளைக்கு வருங்காலம் தெரியும், வாய் பேசாத பிள்ளையிடம் ஆவி பேசும். நஷ்ட ஈடு மாதிரி. எனக்கு ஈடு வேண்டாம். பேயைத் துரத்துகிறபோது என் வண்டிச் சக்கரம் மணலில் புதைந்தால் அவள் என்ன செய்வாள்? அதை எழுதுங்கள். நான் பலகை போட்டு ஏற்றுவேன். ரெண்டு பலகை, மாத்தி மாத்தி. அந்த நேரத்தில் பின்னால் பேய் வந்துகொண்டிருந்தால் அதைவிடத் திகில் உண்டா?

பாம்பன் டீச்சர் | காலை 9.31

ரெண்டு பலகை. இதை இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டலாமா?

மூணுசக்கரம் | காலை 9.33

தாராளமா. புல்லரிச்சா எனக்குச் சொல்லணும்.

ஏர்வாடிப் பக்கம் | காலை 11.15

பேய் பிடித்த பெண் என்று எழுதுகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6. எங்கள் ஊரில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு. "பேய் பிடிச்சிருக்கு" என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள் எத்தனை பேரோ.

எங்கள் ஊர் தர்காவைக் குறை சொல்லவில்லை. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு அங்கே வருகிறவர்களைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். என் கேள்வி கதைக்காரர்களிடம். தலைவிரி கோலமாக ஆடுகிற பெண்ணை வைத்துத்தான் பாதிப் பேய்க்கதை நடக்கிறது. அவள் எப்போதும் அடக்கப்பட வேண்டியவள், அடக்குகிற பூசாரியோ சாமியாரோ கதாநாயகன். கதையை அவள் வாயால் ஒரு தடவை கேட்டால் என்ன? உள்ளே ஏதோ பேசுகிறது, அது பேயா நோயா என்று அவளுக்கே தெரியவில்லை, வீட்டில் சொன்னால் கட்டிப்போடுவார்கள் என்ற பயம் மட்டும் தெரிகிறது. பதினாறு வயதில் அப்படி ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் படிக்கிற மாதிரி ஒரு பேய்க்கதை வேண்டும்.

ஏட்டுச்சுரைக்காய் | காலை 11.40

காரைக்காலம்மையார் நினைவுக்கு வருகிறார். அழகான உடம்பை உதறிவிட்டுப் பேய் உருவத்தைக் கேட்டு வாங்கி, தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே பாட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டவர். பேயின் வாயால் பேசிய முதல் பெண் அவர்தான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்ற நாளெல்லாம் தூங்குவார்கள்.

மண்டபத்துப் பிள்ளை | பிற்பகல் 2.05

நான் இலங்கையில இருந்து வந்த ஆக்களின்ர முகாமில பிறந்தனான். வீட்டில ஒரு தமிழ், பள்ளிக்கூடத்தில ஒரு தமிழ். அம்மம்மாட்ட கதைச்சால் ஒரு மாதிரி, டீச்சரிட்ட பேசினால் வேற மாதிரி. பள்ளிக்கூடத்தில என்ர பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்கள் எண்டு எட்டாம் வகுப்பு வரைக்கும் வாயே திறக்கேல்ல.

2021இல "அகதிகள் முகாம்" எண்ட பெயரை "மறுவாழ்வு முகாம்" எண்டு மாத்தினாங்கள். பெயர் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இந்த நாட்டு ஆளும் இல்லை, அந்த நாட்டைப் பார்த்ததும் இல்லை. ஒரு பேய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கோ? ரெண்டு பேரும் ஒரு இடத்தில இருக்கிறம், ஆனா பதிவில இல்லை. இதை வைச்சு ஒரு கதை எழுதத் தொடங்கினேன். முகாமில ஒரு பெட்டை. அவளுக்கு மட்டும் கடலில செத்த ஆக்கள் தெரியினம், படகில வரேக்க போன ஆக்கள். அவையள் பயமுறுத்துறதில்லை. தங்கட பெயரை எழுதச் சொல்லிக் கேக்கினம். அவள் கணக்கு நோட்டின்ர பின்பக்கத்தில எழுதுறாள்.

பாதியில நிப்பாட்டிட்டன். அம்மம்மா வாசிச்சிட்டு, "இதில நீ சிரிக்கிற இடமே இல்லையேடி" எண்டா.

கீழக்கரை ராத்தா | பிற்பகல் 2.30

கண்ணு, உங்க அம்மம்மா சரியாத்தான் சொல்லியிருக்காஹ. அந்தப் பிள்ளைக்கு ஒரு பையனைப் புடிக்கட்டும், இல்லாட்டி கணக்குல முட்டை வாங்கட்டும். செத்தவுஹ பேரு எழுதின நோட்டைக் கணக்கு சார் வாங்கிட்டுப் போயிட்டாருன்னா?

மண்டபத்துப் பிள்ளை | பிற்பகல் 2.34

ஐயோ ராத்தா! அதுதான் அடுத்த அத்தியாயம்!

அட்டைப்படக்காரர் | பிற்பகல் 3.15

தனுஷ்கோடியை யாரும் இன்னும் எடுக்கவில்லையே. 1964 டிசம்பர் புயல், மூழ்கிய ரயில், இடிந்த தேவாலயம். அமானுஷ்ய நாவலுக்கு அதைவிட இடம் ஏது? அட்டை இப்போதே கண்ணில் தெரிகிறது.

தென்கடல் | பிற்பகல் 3.40

இங்கதான் நான் கொஞ்சம் கடுசாப் பேசுவேன். எங்க அப்பத்தா அந்த ஊரு. 22ஆம் தேதி ராத்திரி மணல் மேட்டுல ஏறி உக்காந்து பொழைச்சவுக. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர்ல நூத்துக்கு மேல ஆளுக போச்சு. ஊருல எம்புட்டுப் பேருன்னு சரியா எண்ணினவுக இல்ல. அதை வச்சு வண்டிக்காரன் டூரிஸ்ட்டுக்கு "ராத்திரி ரயில் சத்தம் கேக்கும் சார்"னு கதை விடுறான். அப்பத்தா இருந்தப்ப ஒரு நாள் அவனுகிட்டயே கேட்டுச்சு: "ஏப்பா, என் தங்கச்சி அதுலதான் வந்தா. அவ சத்தம் கேட்டா என்கிட்டச் சொல்லுவியா?" அவன் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல. இன்னமும் அங்க குடிசை போட்டு மீன் பிடிக்கிற சனம் இருக்காக. பேய் ஊருன்னு போட்டா அவுக யாரு?

செத்த ஆளுகளை எழுதக் கூடாதுன்னு சொல்லல. முகாம் பிள்ளை எழுதுது பாருங்க, பேரு கேக்குற மாதிரி, அது மரியாதை. சும்மா வெள்ளைச் சேலை கட்டிவிடாதீங்க.

இன்னொண்ணு சொல்றேன், கதைக்கு ஆகும். எங்க பக்கம் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல்னு சொல்லுவாக, அலை இருக்காது. மன்னார் வளைகுடாவை ஆண்கடல்னு சொல்லுவாக, பொங்கிக்கிட்டே இருக்கும். தனுஷ்கோடிக் கடைசியில இருக்க அரிச்சல்முனையில நின்னா ரெண்டும் தெரியும். டூரிஸ்ட் அதோட போட்டோ எடுத்துட்டுப் போயிருவான். ஐப்பசி கார்த்திகைக்கு வாடைக்காத்து அடிக்கிறப்ப வந்து பாக்கச் சொல்லுங்க. ஆண்கடல் பூனை மாதிரிக் கிடக்கும், பெண்கடல் படகைத் தூக்கி அடிக்கும். குளம் மாதிரி இருக்கேன்னு நம்பிப் போனவன் திரும்பலைன்னு எத்தனை கதை. சாதுவான பொண்ணுன்னு எழுதுறவுக காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு எழுதணும்.

பாம்பன் டீச்சர் | பிற்பகல் 3.58

இரண்டு நாளாக நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் இருந்ததை எதிர்க்கட்சிக்காரரே சொல்லிவிட்டார்.

தென்கடல் | மாலை 4.01

நான் இன்னும் எதிர்க்கட்சிதான். கருவாடு வர்றதுனால மட்டும் ஒரு கதை நல்ல கதை ஆயிராது.

மூணுசக்கரம் | மாலை 4.20

அதற்கு நானும் கை தூக்குகிறேன். கடற்கன்னி பற்றியும் யாராவது பேசுங்கள். நம் ஊர்க் கதையிலும் கடற்கன்னி என்றால் வெள்ளைத் தோல், வெளிநாட்டு முகம். இங்கே நிஜமாக இருப்பது ஆவுளியா. கடற்புல் மேய்கிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற, சாம்பல் நிறத்தில் குண்டாக ஒரு பிராணி. அந்தக் காலக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கடற்கன்னி என்று நினைத்தார்கள் என்பார்கள். அப்படியானால் கடற்கன்னி குண்டு, கறுப்பு, பிள்ளைக்காரி. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

ஏர்வாடிப் பக்கம் | மாலை 4.45

திருநங்கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமானுஷ்யக் கதையில் அவர்கள் வந்தால் சாபம் கொடுக்க வருவார்கள், இல்லை பில்லி வைக்க. பள்ளிக்கூடம் போகிற பதினைந்து வயதுத் திருநங்கை பேயைப் பார்த்துப் பயந்து அலறினாள் என்று ஒரு வரி எங்கேயும் படித்ததில்லை. பயப்படக்கூட இடம் கொடுப்பதில்லை.

பாம்பன் டீச்சர் | செவ்வாய் இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று பிள்ளைகளிடம் உங்கள் பதிவுகளில் பாதியை வாசித்துக் காட்டினேன். ரெண்டு பலகை இடத்தில் இரண்டு பேர் திண்ணையில் கால் மடக்கி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். (மூணுசக்கரம், புல்லரித்தது.) உபதேசம் எதுவும் செய்யவில்லை. "கதையை மாத்தணும்னு இல்லை. மாத்தணும்னு தோணினா மாத்துங்க" என்றேன்.

ஏஞ்சலினாக்காரி மட்டும் கடைசி வரை எழுந்து போகவில்லை. "அக்கா, எங்க ஊருப் பேரு வச்சா நல்லாருக்காதே" என்றாள். "என்ன பேரு வைக்கப் போற?" "முனீஸ்வரின்னு வச்சா அவளே பேய் மாதிரி இருக்கும். முனியில்ல?" "பேய்க்கே பேய் பேரு வச்ச பிள்ளைன்னா பேய்தானே பயப்படணும்?" என்றேன். யோசித்தாள். சரி என்று சொல்லவில்லை.

அப்புறம் அவளே கேட்டாள்: "பேய்க்குக் கால் இருக்காதுல்லக்கா?"

"இருக்காதுன்னுதான் சொல்லுவாக."

"அப்ப அது எப்படிக்கா நீச்சல் அடிக்கும்?"

பாசிக்குப் போகிறவர்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள். மீனுக்குத் துடுப்பு மாதிரி. பழைய செருப்பு வாரை ஆணி அடித்து மாட்டிய தகரம். வெயிலில் வைத்தால் சுட்டுவிடும் என்று படகில் சாக்குக்கு அடியில் வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை அம்மாவோடு போனபோது பார்த்திருக்கிறாள். இன்று சாயங்காலம் நோட்டைக் கொடுத்தாள். அவள் சம்மதத்தோடு முதல் பத்தியை மட்டும் போடுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்தினேன்.

"முனீஸ்வரியின் அம்மா தீவுக்குப் பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்தார். முனீஸ்வரி படகில் காவலுக்கு இருந்தாள். அப்போது தண்ணீருக்குள் இருந்து ஒரு கை வந்து படகைப் பிடித்தது. விரல் எல்லாம் வெடித்திருந்தது. அம்மாதான் என்று நினைத்துப் பாசிப் பையை வாங்கக் கையை நீட்டினாள். ஆனால் அம்மா தூரத்தில் தலையைத் தூக்கி மூச்சு விட்டார். கை சொன்னது: பயப்படாதே பாப்பா. எனக்குக் கால் இல்லை. கரைக்குப் போகணும். உங்கம்மா தகரத்தைக் கொஞ்சம் கடன் தருவியா?"

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 9.22

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை.

அட்டைப்படக்காரர் | இரவு 9.30

அந்த விரலை வரைய வேண்டும். காசு வேண்டாம். நிறத்தை யாரும் தொடக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

மண்டபத்துப் பிள்ளை | இரவு 9.41

அந்தக் கையின்ர பெயர் என்ன எண்டு கேளுங்கோ அவளிட்ட. என்ர நோட்டில எழுத வேணும்.

தென்கடல் | இரவு 9.50

ஒரு சின்னத் திருத்தம். எங்க ஊர்ப் பக்கம் பாசிக்குப் போற பொம்பளைக ரப்பர் செருப்புத்தான் போடுவாக. தகரம் பாம்பன் பக்கம். அதனால பாம்பன் பேய்னு தெளிவாப் போடச் சொல்லுங்க, இல்லாட்டி யாராச்சும் குறை சொல்லுவான்.

அப்புறம், படகு நங்கூரம் போட்டு நிக்குதா, சும்மா மிதக்குதா? தகரத்தைக் கொடுத்தாளா இல்லையா?

பாம்பன் டீச்சர் | இரவு 10.02

நங்கூரம் போட்டு நிற்கிறதாம், இப்போதுதான் போனில் கேட்டேன். தகரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடம் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "பேயா இருந்தா என்ன, அதுவும் பாசிக்குப் போனவதான் போலருக்கு. கொடுத்துவிடு. ஆனா புதுத் தகரத்தைக் கொடுத்துறாத. பழசைக் கொடு."